யார் விடும் புகை, யார் நெஞ்சில்?

அமெரிக்காவில் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. பெரிய டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கும் சிலர், இன்ஜினை மாற்றியமைத்து, நினைத்த நேரத்தில் கன்னங்கரிய புகையைக் கக்கும்படி செய்துகொள்கிறார்கள். பிறகு சாலையில் சைக்கிளில் போகிறவர், மின்சாரக் காரில் போகிறவர், நடைபாதையில் நிற்பவர் என்று யாராவது ஒருவர் அருகே வந்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். எதிரே இருப்பவர் இருமுகிறார், கண்ணைக் கசக்குகிறார், வழி தெரியாமல் தடுமாறுகிறார். வண்டிக்குள் இருப்பவர்கள் சிரித்தபடி அதை வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். இதற்கு 'ரோலிங் கோல்' என்று பெயர். ஓடுவதென்னவோ டீசலில்தான், புகையின் நிறத்தைப் பார்த்து நிலக்கரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பணக்கார நாட்டு வாலிபர்களின் சேட்டை இது, நமக்கென்ன என்று கடந்துபோகலாம். ஆனால் சாதியைப் படிக்கிற நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. சாலை எல்லோருக்கும் பொது, காற்றும் பொது என்கிறார்கள். அந்தப் பொதுவில் ஒருவர் தன் அழுக்கை இன்னொருவர் முகத்தில் ஊதலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வருகிறது? அதைத் தடுக்கச் சட்டம் யாருக்காக வேகமாக ஓடியது, யாருக்காக நொண்டியது? இந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

புகை எப்படி வருகிறது?

டீசல் இன்ஜினில் காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீச்சுகிறார்கள். காற்று போதுமான அளவு இருந்தால் டீசல் ஏறக்குறைய முழுமையாக எரியும். காற்றுக்கு மீறி டீசலைக் கொட்டினால் அரைகுறையாக எரிந்து கரித்துகளாக வெளியே வரும். டிராக்டர், டிரக் இழுவைப் போட்டிகளில் கூடுதல் சக்திக்காக இப்படி டீசலை அதிகம் கொடுப்பது வழக்கம். அங்கே புகை பக்கவிளைவு. பின்னாளில் புகைக்காகவே இதைச் செய்யும் கூட்டம் உருவானது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றுவது, புகைக்குழாயில் உள்ள வடிகட்டியைக் கழற்றி எறிவது, லாரிபோல நெட்டுக்குத்தலாகக் குழாய் பொருத்துவது எல்லாம் சேர்ந்து ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்தது.

கழற்றப்படும் அந்த வடிகட்டி சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970-ல் வந்தது. அதே ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அமைக்கப்பட்டது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செயலிழக்க வைக்கும் பொருட்களைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் 1990-ல் வந்த திருத்தம் தடை செய்தது. டீசலில் உள்ள கந்தகத்தின் அளவு 2006-ல் 15 பிபிஎம்முக்குக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் 2007-லிருந்து வந்த டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி பரவலானது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அறிவித்தது. அதாவது, வடிகட்டியைக் கழற்றுகிறவர் பக்கத்துத் தெருக்காரர்களின் நுரையீரலுக்கு இருந்த பாதுகாப்பையும் சேர்த்தே கழற்றுகிறார்.

எவ்வளவு வண்டிகள்? சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் மட்டும் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டன. அந்த ரக வண்டிகளில் இது சுமார் 15 சதவீதம். அவை வெளியிடும் கூடுதல் மாசு, 90 லட்சம் புதிய வண்டிகளைச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்று முகமை கணக்கிட்டது. இவர்கள் எல்லோரும் அடுத்தவர் முகத்தில் ஊதுவதற்காகக் கழற்றியவர்கள் அல்ல. மைலேஜ் கூடும், பராமரிப்புச் செலவு குறையும் என்று கழற்றியவர்களே அதிகம் இருக்கலாம். நோக்கம் எதுவானாலும் புகை ஒன்றுதான்.

தூசியிலிருந்து புகைக்கு

வண்டி, சாலை, ஆதிக்கம் மூன்றும் அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்தவை அல்ல. 'ஜிம் க்ரோ' எனப்படும் இன ஒதுக்கல் காலத்தில், தென் மாநிலங்களின் பல ஊர்களில் எழுதப்படாத ஒரு சாலை விதி இருந்தது. கறுப்பின ஓட்டுநர், வெள்ளையர் ஓட்டும் காரை முந்திச் செல்லக் கூடாது. மண் சாலையில் முந்தினால் கறுப்பரின் வண்டி கிளப்பும் தூசி வெள்ளையர் மீது படும், அது அவமரியாதை. முன்னால் போகிற வண்டி எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் அந்தத் தூசியைத் தின்றபடியே பின்னால் போக வேண்டும். எந்த ஊரில் தங்கலாம், எந்தப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்கு வழிகாட்ட, ஹார்லெமைச் சேர்ந்த தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் 'கிரீன் புக்' என்ற கையேட்டைத் தொடங்கினார். அது சுமார் முப்பது ஆண்டுகள் வெளிவரும் அளவுக்குத் தேவை இருந்தது.

இதைப் படிக்கும்போது நமக்கு அய்யன்காளி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. புலையர் நடக்கவே கூடாத திருவிதாங்கூர்ப் பொதுச்சாலையில் 1893-ல் வில்லுவண்டி பூட்டி ஓட்டியவர் அவர். பேஷ்வா ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர்கள் தங்கள் காலடித் தடத்தைப் பெருக்கிக்கொண்டே போக இடுப்பில் துடைப்பமும், எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண் கலயமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்திருக்கிறார். கறுப்பரின் தூசியும் தலித்தின் காலடித் தடமும் 'மேலே' இருப்பவர் மேல் படக் கூடாது. ஆனால் 'மேலே' இருப்பவரின் அழுக்கு கீழே யார் மீதும் விழலாம். இந்த ஒருவழிப் பாதை இரண்டு நாடுகளுக்கும் பொது.

ஆங்கிலத்தில் தீட்டுக்கும் மாசுக்கும் ஒரே சொல்தான். நம் மொழியில் இரண்டும் வேறு வேறு. அந்த வேறுபாடு நமக்கு ஒரு உண்மையைக் காட்டுகிறது. தீட்டு யாரிடமிருந்து வருகிறது என்று சாதி சொல்கிறதோ, அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் மாசு கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது. சுடுகாடு, குப்பைக் கிடங்கு, கழிவுநீர் நிலையம் எல்லாம் சேரிக்குப் பக்கத்தில் வருவது தற்செயல் என்று நம்மில் யாரும் நம்பமாட்டோம்.

வரைபடத்தில் போட்ட சிவப்பு

அமெரிக்காவிலும் அது தற்செயல் அல்ல. 1930-களில் வீட்டுக் கடன்களைக் கவனிக்க அரசு அமைத்த ஒரு நிறுவனம், இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கறுப்பர்களும் புலம்பெயர்ந்தவர்களும் வாழ்ந்த பகுதிகளுக்கு 'ஆபத்தானது' என்று சிவப்பு வண்ணம் பூசினார்கள். அங்கே கடன் கிடைப்பது அரிதானது, வீடுகள் மதிப்பிழந்தன. 1956-ல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தபோது, நிலம் மலிவாகவும் எதிர்ப்பு பலவீனமாகவும் இருந்த இடங்களைத் தேடினார்கள். மயாமியின் ஓவர்டவுன், செயின்ட் பால் நகரின் ரோண்டோ, டெட்ராய்ட்டின் பிளாக் பாட்டம் என்று கறுப்பினக் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு நெடுஞ்சாலைகள் போயின. சாலை வந்தது, சாலையோடு லாரி வந்தது, லாரியோடு டீசல் புகை வந்தது. 202 நகரங்களை எடுத்துக்கொண்டு 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, எண்பது ஆண்டுகளுக்கு முன் சிவப்பு பூசப்பட்ட பகுதிகளில் இன்றும் காற்று மாசு அதிகம் என்று காட்டியது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரைப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டு நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. 580-ஆம் எண் சாலை, வசதியானவர்களும் வெள்ளையர்களும் அதிகம் வாழும் குன்றுப் பகுதியை ஒட்டிப் போகிறது. அந்தப் பகுதியில் 4.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 1960-களிலிருந்தே தடை. அதனால் லாரிகள் 880-ஆம் எண் சாலையில் போகின்றன; அது கறுப்பரும் லத்தீன் அமெரிக்கரும் வாழும் சமவெளிப் பகுதி. மேற்கு ஓக்லாந்தின் நடுவே 1957-ல் கட்டிய சைப்ரஸ் என்ற அடுக்குச் சாலை 1989 நிலநடுக்கத்தில் இடிந்து 42 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் மறுபடியும் கட்டக் கூடாது என்று அந்தப் பகுதி மக்கள் போராடினார்கள். சாலை விலகிப் போனது. பழைய இடத்தில் இன்று இருக்கும் அகன்ற தெருவுக்கு மண்டேலாவின் பெயர்.

ரோலிங் கோல் செய்கிறவர் ஒரு நிமிடம் ஊதிவிட்டுப் போகிறார். மேற்கு ஓக்லாந்தில் ஊதுவதற்கு யாரும் தனியாகத் தேவைப்படவில்லை. போக்குவரத்துத் திட்டமே ஊதியது, பகலும் இரவும், தலைமுறை தலைமுறையாக.

லாரிக்கு முன் படுத்தவர்கள்

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1978-ல் வட கரோலினாவில், பிசிபி என்ற நச்சு கலந்த எண்ணெயைச் செலவில்லாமல் ஒழித்துக்கட்ட, இரவோடு இரவாக லாரியில் கொண்டுபோய் நூற்றுக்கணக்கான மைல் சாலையோரத்தில் கொட்டிவிட்டார்கள். அந்த நஞ்சேறிய மண்ணைப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுன்டி. ஏழைகளும் கறுப்பின மக்களும் பெரும்பான்மையாக வாழும் இடம் அது. 1982-ல் மண்ணை ஏற்றிக்கொண்டு லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குப்பைக்குழி நிற்கவில்லை, ஆனால் 'சுற்றுச்சூழல் நீதி' என்ற இயக்கம் அங்கிருந்து எழுந்தது. 1987-ல் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் அமைப்பின் இன நீதி ஆணையம் நாடு முழுக்க ஆய்வு செய்து, நச்சுக் கழிவு இடங்கள் எங்கே அமைகின்றன என்பதை வருமானத்தைவிட இனமே அதிகம் தீர்மானிக்கிறது என்று நிறுவியது. 1991-ல் வாஷிங்டனில் கூடிய முதல் மாநாடு 17 கொள்கைகளை வகுத்தது. 1994-ல் கிளின்டன் அரசு ஆணை பிறப்பித்தது.

டீசல் புகைக்கென்றே நடந்த போராட்டம் நியூயார்க்கின் ஹார்லெமில். மேற்கு ஹார்லெமில் 1986-ல் திறந்த கழிவுநீர் நிலையத்தின் நாற்றத்தை எதிர்த்து, 1988 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளன்று சாலை மறித்து ஏழு பேர் கைதானார்கள். அந்த ஆண்டே பெக்கி ஷெப்பர்டும் தோழர்களும் 'வீ ஆக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மன்ஹாட்டன் தீவின் பேருந்துப் பணிமனைகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஏன் வடபகுதியில், நம் தெருக்களில் இருக்கின்றன என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. அவர்கள் முழக்கத்தோடு நிற்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, 1996 ஜூலையில் ஹார்லெமின் நடைபாதைகளில் காற்றை அளந்தார்கள். எத்தனை பேருந்து, எத்தனை லாரி கடக்கிறது என்று நின்று எண்ணினார்கள். பேருந்தும் லாரியும் அதிகம் ஓடும் முனையில் கரித்துகளின் அளவு மற்ற இடத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. பள்ளி மாணவர்களின் சிறுநீரைச் சோதித்த இன்னொரு ஆய்வில், நான்கில் மூன்று பேருக்கு டீசல் புகையைச் சுவாசித்ததைக் காட்டும் தடயம் இருந்தது. பேருந்து நிழற்குடைகளில் விளம்பரம் வைத்தார்கள். 2000-ல் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் மத்திய போக்குவரத்துத் துறையிடம் புகார் கொடுத்தார்கள். தூய எரிபொருள் பேருந்துகள் படிப்படியாக வந்தன. ஒரு பழைய பணிமனை இடிக்கப்பட்டு, புகையைக் கட்டுப்படுத்தும் வகையில் புதிதாகக் கட்டித் திறக்க 2014 ஆகிவிட்டது. இயக்கம் தொடங்கி 26 ஆண்டுகள்.

அதே 2014

ரோலிங் கோல் பெரிய பத்திரிகைகளில் செய்தியானதும் அதே 2014-ல்தான். அனல்மின் நிலையங்களின் கரியமில வாயுவைக் குறைக்க ஒபாமா அரசு திட்டம் அறிவித்த காலம் அது. மின்சாரக் கார்களும் ஹைபிரிட் கார்களும் வரத் தொடங்கியிருந்தன. அந்தக் கார்களைக் குறிவைத்துப் புகை ஊதுவது அரசியல் எதிர்ப்பாகவும் ஆண்மையாகவும் கொண்டாடப்பட்டது. நியூஜெர்சி மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தன் மின்சாரக் காரில் போகும்போது ஒரு பிக்கப் அவர் மீதும் ஊதியது. அவர் மசோதா கொண்டுவந்தார். 2015 மே மாதம் நியூஜெர்சியில் ரோலிங் கோல் தடைச் சட்டம் கையெழுத்தானது. 2017-ல் கொலராடோவும் தடை செய்தது.

சட்டம் வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கணக்கைப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் மீது பட்ட புகைக்கு ஓராண்டு வாக்கில் தீர்வு கிடைத்தது. ஹார்லெம் பிள்ளைகளின் சிறுநீரில் தெரிந்த புகைக்குப் பல பத்தாண்டுகள். புகையின் வேதியியல் ஒன்றுதான். சுவாசித்தவரின் இடம் வேறு.

பெரிய நிறுவனங்களின் கதையும் இதில் உண்டு. சோதனைச்சாலையில் மட்டும் சுத்தமாக ஓடும்படி நிரல் எழுதி, உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் கார்களை ஃபோக்ஸ்வாகன் விற்றது 2015-ல் வெளியானது. ராம் பிக்கப் வண்டிகளுக்கு டீசல் இன்ஜின் தரும் கம்மின்ஸ், இப்படிப்பட்ட புகாரைத் தீர்த்துக்கொள்ள 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் சம்மதித்தது. தூய காற்றுச் சட்ட வரலாற்றிலேயே மிகப் பெரிய அபராதம் அது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. தெருவில் ஊதும் வாலிபனை மட்டும் திட்டிவிட்டு நாம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஊதுகிறவருக்கு என்ன லாபம்?

சமூகவியல் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். புகை ஊதினால் கூலி உயராது, டீசல்தான் வீணாகும். கருவிக்கும் ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகலாம். பிறகு ஏன்? வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாக இருந்தாலும், 'நான் கறுப்பன் இல்லை' என்ற மதிப்பு ஒரு மனக்கூலியாகக் கிடைத்தது என்று டபிள்யூ.இ.பி. டூபாய்ஸ் 1935-ல் எழுதினார். அந்த மனக்கூலி கரைகிறதோ என்ற பயம் வரும்போது, வண்டியும் புகையும் அதை ஈடுகட்டுகின்றன. காரா டாகெட் என்ற அரசியல் அறிஞர் 2018-ல் எழுதிய கட்டுரையில் இதற்குப் 'பெட்ரோ ஆண்மை' என்று பெயர் வைத்தார். எரிபொருளை எரிப்பதே ஆண் என்பதற்கும் ஆள்பவன் என்பதற்கும் அடையாளமாகிவிடுகிறது என்பது அவர் வாதம்.

நமக்கு இது புதிய பாடமல்ல. படிநிலைச் சமத்துவமின்மையில் ஒவ்வொரு சாதிக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கும் திருப்தி கூலியாகத் தரப்படுகிறது என்பதை அண்ணல் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் 1946-ல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார் என்பதும், டூபாய்ஸ் தோழமையோடு பதில் எழுதினார் என்பதும் வரலாறு. 1972-ல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்கள், கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போராட்டத்தை நாம் படிப்பதும் நம் போராட்டத்தை அவர்கள் படிப்பதும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் மாணவரின் கைகளை வெட்டியதாக வழக்குப் பதிவானது. அங்கே புகை இல்லை, அரிவாள். ஆனால் சாலையில் யார் எந்த வண்டியில் நிமிர்ந்து போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் திமிர் அதே திமிர்தான்.

நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் காற்று இப்போது எதிர்த்திசையில் அடிக்கிறது. கிளின்டனின் 1994 ஆணை 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. சுற்றுச்சூழல் நீதிக்கான அலுவலகங்களை மூடுவதாக மார்ச்சில் அறிவித்தார்கள். வெள்ளையரல்லாதார் தாங்கும் சுமையின் அளவு தெரியாததால் இது நடக்கவில்லை. தங்கள் நுகர்வு உண்டாக்கும் மாசைவிடக் கறுப்பின மக்கள் 56 சதவீதமும் ஹிஸ்பானிக் மக்கள் 63 சதவீதமும் அதிகம் சுவாசிக்கிறார்கள், வெள்ளையர்கள் 17 சதவீதம் குறைவாகச் சுவாசிக்கிறார்கள் என்று 2019-லேயே ஆய்வு வந்துவிட்டது. தெரிந்தேதான் ரத்து செய்தார்கள். வென்ற உரிமை நம் கையில் தானாக நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை விருப்பத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 தரம் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளின் புகையும், அனல்மின் நிலையங்களின் சாம்பலும் வட சென்னையின் மீதுதான் இறங்குகின்றன. அங்கே குடியிருப்பவர்கள் மீனவர்கள், தலித்துகள், கூலித் தொழிலாளர்கள். காற்றுத் தர அளவீடுகள் பத்திரிகையில் நகரத்துச் சராசரியாக வருகின்றன. சராசரியில் எண்ணூரும் அடையாறும் ஒன்றாகிவிடுகின்றன.

ஹார்லெம் தோழர்கள் செய்ததை நம்மாலும் செய்ய முடியும். ஒரு தெருமுனையைத் தேர்ந்தெடுங்கள். காலை, மாலை என்று ஒரு வாரம் நின்று கடக்கும் லாரிகளை எண்ணிக் குறியுங்கள். அந்தத் தெருவில் இழுப்பு, இருமல் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று அம்மாக்களிடம் கேட்டு எழுதுங்கள். அதே கணக்கை வசதியானவர்கள் வாழும் ஒரு பகுதியிலும் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேள்வி போடுங்கள். கற்பி, ஒன்றுசேர், போராடு என்பது சுவரில் எழுத மட்டும் உள்ள வாசகமல்ல. நோட்டும் பேனாவுமாகத் தெருமுனையில் நிற்பதும் அதில் அடக்கம்.

ஜெய் பீம்!